புது டிஸ்க்

கணவனின் விரல்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலுக்கு நேரே மேசை. மேசைமேல் ஒரு பழைய துண்டு. துண்டின்மேல், மூடி கழற்றிய சின்னக் கம்ப்யூட்டர். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும்.

அதுதான் அவளுடைய வாய்.

பக்கவாதம் வந்ததில் கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது. நாக்கையும் விட்டுவைக்கவில்லை. கண்கள் மட்டும் மிச்சம். திரையில் எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஓர் எழுத்தை இரண்டு விநாடி பார்த்தால் பதியும். வார்த்தைகள் சேர்ந்ததும் கம்ப்யூட்டர் பேசும்.

போன மாதம், பிசியோதெரபி செய்ய வரும் பெண்ணிடம் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தாள். 'இவர் என்னை' என்பதுவரை வந்தது.

கம்ப்யூட்டர் தரையில் கிடந்தது.

"கை தட்டிருச்சும்மா," என்றான் அந்தப் பெண்ணிடம். கையாவது தட்டுவதாவது.

உள்ளே டிஸ்க்கைத் தாங்கும் நான்கு பிளாஸ்டிக் கால்களில் இரண்டு ஒடிந்துபோயின. அன்றிலிருந்து டிஸ்க் ஆடுகிறது; ஆடி ஆடிப் பழுதும் ஆகிவிட்டது. இரண்டு வார்த்தை சேர்வதற்குள் திரை அணைந்துவிடும். ஒரு மாதமாக அவள் எதையும் முழுதாகச் சொன்னதில்லை.

இன்று அண்ணன் வருகிறார். சாப்பிட்ட கையோடு திருவனந்தபுரம் போய் மஸ்கட்டுக்கு விமானம் ஏற வேண்டும். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து.

புது டிஸ்க்கும் அவர் வாங்கி அனுப்பியதுதான். "நான் வரும்போது அவ பேசிக் கேக்கணும் மாப்ள," என்று போனில் சொல்லியிருந்தார். தட்டிக்கழிக்க இவனுக்கு வழியில்லை.

அண்ணனிடம் சொல்ல வேண்டியதை அவள் மனதுக்குள் எழுத்தெண்ணி வைத்திருந்தாள்.

இவர் அடிக்கிறார். என்னை இங்கே விட்டுப் போகாதே.

அவ்வளவுதான்.

பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் இருபத்திரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தவள். பையன்களின் முகத்தை அவள் பார்த்ததில்லை. விரல்களைத்தான் பார்ப்பாள். எவன் எதைக் கெடுக்கப்போகிறான் என்று விரல் காட்டிக்கொடுத்துவிடும்.

இவன் விரல்கள் எதையும் கெடுக்கவில்லை.

ஒடிந்த இடத்தை உப்புத்தாள் போட்டுச் சுரண்டினான். இரண்டு குழாய்ப் பசையையும் சரிபாதி பிதுக்கிக் குழைத்தான். ஒடிந்த கால்களை நிறுத்தினான். திருகாணியைப் பசை கவ்விக்கொள்ளாமல் இருக்க அதில் ஒரு பொட்டு எண்ணெய் தொட்டான். அது அவளிடம் கற்றது. கல்யாணமான புதிதில் அவள் மிக்ஸியை ஒட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன்தானே.

பசை காய வேண்டும்.

அவன் அவளுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தான். புது டிஸ்க்கை ஒரு வயரில் மாட்டி, லேப்டாப்பில் ஏதோ ஏற்றிக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரம். அவள் பசையையே பார்த்திருந்தாள். கால் சாய்ந்துவிடக் கூடாது. சாய்ந்தால் இன்றைய நாள் போயிற்று.

சாயவில்லை.

டிஸ்க்கை வைத்தான். நான்கு திருகாணியையும் மூலைக்கு மூலை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். சத்தமே இல்லை.

மனசு மாறிவிட்டானோ என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அவள் தன்னை மன்னிக்கவே போவதில்லை.

வாசலில் கார் நின்றது.

"வாங்க மச்சான், வாங்க."

அண்ணன் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லும்மா வடிவு. அண்ணன் வந்திருக்கேன்லா."

அவன் மூடியை மாட்டி, கம்ப்யூட்டரை அவள் கண்ணெதிரே வைத்தான். திரை எரிந்தது.

எழுத்துகள் இல்லை.

ஒன்பது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், அதன் கீழே ஒரு சொல். தண்ணீர். பசி. ஃபேன். தூக்கம்.

"எழுத்து எழுத்தாத் தேடி அவளுக்குக் கண்ணு நோகுது மச்சான். அதான் புது டிஸ்க்குல இப்படிப் போட்டுட்டேன். இனிமே ஒரு பார்வ போதும்."

விரலைப் பார்த்தவள் முதுகைப் பார்க்கத் தவறிவிட்டாள்.

அண்ணன் காத்திருந்தார்.

ஒன்பது கட்டங்களையும் சுற்றிச் சுற்றித் தேடினாள். எந்தக் கட்டத்திலும் அவன் இல்லை. அடி இல்லை. அண்ணன்கூட இல்லை.

கடைசியில் ஒன்றைப் பார்த்தாள்.

"வலிக்கிறது," என்றது கம்ப்யூட்டர்.

அண்ணன் பதறினார். "எங்கம்மா? எங்க வலிக்கு?"

அவன் ஓடிவந்து தலையணையைச் சரிசெய்தான்.

"வலிக்கிறது."

தோளைப் பிடித்துவிட்டான். அந்த விரல்கள் அவ்வளவு பதவிசாக அழுத்தின.

"வலிக்கிறது. வலிக்கிறது. வலிக்கிறது."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் அலமாரியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துவந்தான்.

"இதக் குடுத்தா அடங்கிரும் மச்சான். தூங்கிருவா."

"குடுங்க மாப்ள. நானே குடுக்கேன்."

அண்ணன் கரண்டியில் மாத்திரையைக் கரைத்தார். அவள் தலையைத் தாங்கிப் பிடித்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊட்டினார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். முடிந்தவரை பார்த்தாள்.

பிறகு இமை கனத்தது. பார்வை அவள் பிடியை விட்டு நழுவி, திரையின் அடியில் கடைசிக் கட்டத்தில் போய் நின்றது. இரண்டு விநாடி.

"நன்றி," என்றது கம்ப்யூட்டர்.

அண்ணன் எழுந்தார். மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்து, தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.