வானிலை வாண்டா

“கிளம்பறதுக்கு முன்னாடி பந்தலைச் சுருட்டிடுங்க. மலைக்குப் பின்னாடி கறுக்குது” என்றாள் வாண்டா.

ட்ரெவர் தூண்டிலும் கையுமாக நிமிர்ந்து பார்த்தான். ஜூலை மாதம், அங்கே நடுக்கோடை. ஆல்பர்ட்டாவின் வானம் பளிச்சென்று இருந்தது. படுக்கையும் அடுப்பும் உள்ள அவனுடைய கேம்பர் வேனின் பக்கவாட்டில் துணிப்பந்தல் விரிந்து நல்ல நிழல் தந்துகொண்டிருந்தது.

“என் போன்ல நாள் பூரா வெயில்னு போட்டிருக்கே மேடம்.”

“உங்க போனுக்கு இந்த மலையைத் தெரியாது. மழைக்கோட்டு இருக்கா? கம்பளித் தொப்பி?”

“பனிச்சறுக்குக் கட்டையும் எடுத்துக்கட்டுமா?”

வேனுக்குள் அவன் மனைவி ஜோலின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வாண்டாவுக்கு ஐம்பது வயது இருக்கும். அந்த ஏரியோரச் சுற்றுலா முகாமில், பக்கத்து இடத்தில் ஒரு பழைய வேனில் தனியாகத் தங்கியிருந்தாள். மூன்று நாளில் அங்கே அவளிடம் புத்திமதி வாங்காதவர் பாக்கியில்லை. ‘வண்டியை மரத்தடியில விடாதீங்க’, ‘ஈர விறகைப் போடாதீங்க’. ட்ரெவர் அவளுக்கு ‘வானிலை வாண்டா’ என்று பெயர் வைத்தான். முகாம் முழுக்க அது பரவிவிட்டது.

“மூணு வருஷத்துக்கு அப்புறம் ஒரு வாரம் லீவு. இங்கயும் ஒரு மேனேஜர்! நீ எதையும் சுருட்டாத ஜோ, சாப்பாட்டை எடுத்துக்கிட்டு மெதுவா வா” என்று சொல்லிவிட்டு ட்ரெவர் ஏரிக்கு நடந்தான்.

ஒரு மணி நேரம் கழித்து ஜோலின் வந்தாள். சாப்பிட்டார்கள். நடுவில் ட்ரெவர் மட்டும் முகாம் வாசல் கடை வரை போய் ஐஸ் வாங்கி வந்தான்.

மூன்று மணிக்கு வானம் இருண்டது. அடுத்த பத்தாவது நிமிடம் ஆலங்கட்டி மழை. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. ஏரிக்கரைத் தகரக் கொட்டகைக்குள் இருபது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

திரும்பி வந்தபோது முகாம் வெள்ளைவெளேரென்று கிடந்தது.

ட்ரெவரின் வேனில் பந்தல் ஒழுங்காகச் சுருட்டிக் கட்டியிருந்தது. அவன் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தோற்றதாகிவிடும்.

அப்போதுதான் வாண்டாவின் வேன் கண்ணில் பட்டது. பந்தல் கந்தலாகித் தொங்கியது. கம்பிகள் வளைந்து கிடந்தன.

ட்ரெவருக்குச் சிரிப்பு பொங்கியது.

“என்ன மேடம், ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நீங்க சுருட்டலையா?”

கிழிசல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த வாண்டா நிமிர்ந்தாள். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“கொஞ்சம் லேட் பண்ணிட்டேன்” என்றாள். “போன பனிக்காலம் பூரா உக்காந்து நானே தைச்சது. பரவாயில்ல, அடுத்த பனிக்காலமும் வருமில்ல.”

வேனுக்குள் ஜோலின் சூப்பைச் சூடாக்கினாள். வெளியே சிலுசிலுவென்று குளிர். ட்ரெவர் காலை நீட்டி உட்கார்ந்தான்.

“ஊருக்குத்தான் உபதேசம், பாத்தியா? சரி, சும்மா சொல்லக் கூடாது ஜோ. நான் வேண்டாம்னு சொல்லியும் பந்தலைச் சுருட்டிட்டு வந்தியே, நல்லதாப் போச்சு.”

ஜோலினின் கரண்டி நின்றது.

“நானா? ஐஸ் வாங்கப் போனியே, அப்ப நீதான் சுருட்டினேன்னு நெனச்சேன். கேட்டா உன் மானம் போயிடுமேன்னு பேசாம இருந்தேன்.”

இரண்டு பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். வாண்டா ஏணிமேல் நின்று வளைந்த கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

ட்ரெவர் தன் சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

“மேடம்… எங்க பந்தலை…”

“ஆமா, ஏரிக்குப் போனவங்களோட ஆறு வண்டி விரிச்ச பந்தலோட கெடந்துச்சு” என்றபடி வாண்டா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். “என்னுது பக்கத்துலதானே இருக்கு, கடைசியாப் பாத்துக்கலாம்னு விட்டேன்.”