பெயரைச் சொல்லி அழைத்தபோது

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். வெனிஸ் நகரத்தில் அது முகமூடித் திருவிழாக் காலம். கால்வாயோர உணவகத்தில் மீன் வறுவல் உண்டபின், என் கணவரும் நானும் அடுத்திருந்த முகமூடிக் கடைக்குச் சென்றோம். நீண்ட அலகுடைய வெள்ளை முகமூடி ஒன்றை வாங்கி அவர் அங்கேயே அணிந்துகொண்டார்.

“கழட்டுங்க. பயமா இருக்கு.”

“கல்யாணமான நாள்லேருந்து ‘என்னங்க’தான். இன்னிக்கு ஒரு தடவை என் பேரைச் சொல்லு, கழட்டிடறேன்.”

“ஐயோ, கடைக்குள்ள என்ன விளையாட்டு இது?”

அவர் சிரித்தபடி வெளியே இறங்கினார். அவ்வேளையில் சந்து நிறைய ஓர் ஊர்வலம் வந்தது. எல்லோரும் அவரைப் போலவே கறுப்புக் கோட்டு அணிந்திருந்தனர். எல்லோர் முகத்திலும் அதே வெள்ளை அலகு.

“என்னங்க! என்னங்க!” என்று கூவினேன். ஒருவரும் திரும்பவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு, வாழ்வில் முதன்முறையாக, “தணிகாசலம்!” என்று கத்தினேன்.

கண் திறந்தபோது அத்தனை அலகுகளும் என்னை நோக்கித் திரும்பியிருந்தன. ஒருவரும் முகமூடியைக் கழற்றவில்லை.

அன்று தொலைந்தவை: குடை ஒன்று, அவருக்கு வாங்கிய தோல் பெல்ட், அவர்.