எண்பது மீட்டர்

"உயரத்துல இருந்தா நேரம் வேகமா ஓடும்னு சொன்னீங்களே மேடம், எண்பது மீட்டர்னா எவ்வளவு வித்தியாசம் வரும்?"

நூலக அரங்கில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியை மடிக்கணினியைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

கேட்டவர் மேடைக்குக் கீழே நின்றார். மஞ்சள் மேலங்கி, சிமெண்ட் படிந்த காலணி, கக்கத்தில் தலைக்கவசம். எதிரே எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் கிரேன் ஓட்டுகிறாராம். போன வாரம் அவள் ரேடியோவில் பேசியதைக் கிரேன் உச்சியில் இருக்கும் கேபினில் உட்கார்ந்து கேட்டாராம். மிச்சத்தை நேரில் கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறார்.

அவளுக்கு அன்றைக்கு உயிர் வந்ததே அப்போதுதான்.

ஒன்றரை மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருந்தாள். காலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. தரையில் கொஞ்சம் மெதுவாக, உயரே போகப் போகக் கொஞ்சம் வேகமாக. கற்பனை இல்லை, கடிகாரம் வைத்து அளந்து பார்த்தது.

கேள்வி நேரத்தில் ஒருவர், காலத்தில் பின்னால் போய்ப் பழைய பரீட்சையைத் திரும்ப எழுத முடியுமா என்றார். இன்னொருவர் கையை நீட்டி, இந்தக் குவாண்டம் வளையலைப் போட்டால் சர்க்கரை இறங்குமா என்று கேட்டார். இருவருக்கும் முகம் கோணாமல் பதில் சொன்னாள்.

பத்திரிகை அலுவலகங்களில் அவளுக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். அவள் சொன்னதில் யாராவது ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிட்டால், அடித்துத் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

இதோ, ஒருவர் கையில் எண்ணோடு வந்து நிற்கிறார்.

"எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டாள்.

"நாலு மாசம்னு வச்சுக்குங்க."

நிகழ்ச்சி நோட்டீஸைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் கணக்குப் போட்டாள். ஒவ்வோர் இலக்கத்தையும் கிரேன்காரர் குனிந்து, கண் கொட்டாமல் பார்த்தார்.

ஒரு வினாடியைக் கோடி துண்டாக நறுக்கினால், அதில் ஒரு துண்டுகூட முழுசாகத் தேறவில்லை.

பொதுவாக இந்த இடத்தில் ஜனங்களுக்கு முகம் தொங்கிப்போகும். அவருக்குத் தொங்கவில்லை.

"ஆனா அதிகம்தானே மேடம்? கீழே ஒருத்தர் நாலு மாசம் இருந்தா, மேல இருக்கிறவனுக்கு அது நாலு மாசத்துக்கும் கூடத்தானே?"

அவள் அசந்துபோனாள். இதைப் புரியவைக்க அவளுடைய மாணவர்களுக்கே ஒரு பருவம் முழுக்கப் பிடிக்கும்.

கூடத்தான் என்றாள். பிறகு, தப்பாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாதே என்று பிசிறில்லாமல் சொன்னாள். கீழே இருப்பவருக்கு ஒன்றும் கூடிவிடாது. அவருடைய நாலு மாதம் நாலு மாதம்தான். மேலே இருப்பவரின் கடிகாரத்தில்தான் அது ஒரு துளி நீளும். அந்தத் துளியும் முழுசாகக் கிடைப்பது அவர் இறங்கவே இறங்காமல் மேலேயே இருந்தால்தான்.

"இறங்கவே இறங்காம," என்று அவர் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு துல்லியமாக யாரும் கேட்டதில்லை என்று வாய்விட்டே பாராட்டினாள். அது சரி, ஏன் நாலு மாதம் என்றாள்.

"வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில இருக்கா. தரைத்தளம். டாக்டர் நாலு மாசம், அவ்வளவுதான்னு சொல்லிட்டார்."

அவள் கணக்கை மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

அடுக்கிய நாற்காலிகளை யாரோ சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனார்கள். போட்ட கணக்கில் பிழை இல்லை. சொன்ன சொல்லிலும் பிழை இல்லை. எதைப் பிடித்து, எங்கே அடித்துத் திருத்துவது?

அந்தத் துளியை எந்த மனிதராலும் உணரக்கூட முடியாது, அதை நம்பி ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அவர் போனில் எண்ணை அழுத்தி அவள் கையில் கொடுத்துவிட்டார்.

"நீங்க சொன்னா நம்புவா மேடம். நான் சொன்னா கதை விடறேங்கிறா."

மணி இரண்டு முறைதான் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" என்றது மெலிந்துபோன குரல்.

பேராசிரியை தான் இன்னார் என்றாள். உயரத்தில் இருப்பவர்களுக்கு, என்று ஆரம்பித்தாள்.

மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் குறுக்கிட்டது.

"அவர் பக்கத்துல இருக்காராங்க? முகத்தைப் பார்த்துப் பதினோரு நாளாச்சு. அந்தக் கேபின்லயே படுத்துக்கிறாராம். நான் கிடக்கிற கோலத்தைப் பார்க்கப் பயம் அவருக்கு." மறுபடி மூச்சு வாங்கியது. "இறங்கி வரச் சொல்லுங்க. திட்டமாட்டேன்."

பேராசிரியை நிமிர்ந்தாள்.

கிரேன்காரர் நோட்டீஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பினாளா?" என்று கேட்டார்.