ஐயாயிரம் வருஷத்துக் கோல்

அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இருந்த நாலாயிரம் படங்களையும் ஒன்று விடாமல் பார்த்து முடித்த வரலாற்று வாத்தியார், நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

“இங்க வந்து பாரு! கல் கோடரி பக்கத்துல ஒரு கருப்பு வெள்ளைக் கோல். செப்புக் குடம் பக்கத்துலயும் அதே கோல். ராணியோட சீப்பு பக்கத்துலயும் அதே! ஐயாயிரம் வருஷமா எல்லாரும் இதைத்தான் கும்பிட்டிருக்காங்க!”

“எதுக்கும் அங்க ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்” என்றாள் மனைவி.

“கேட்டா அவங்க முந்திக்குவாங்க. உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு!”

கோலைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் ஐந்நூறு பிரதிகள் அச்சாகி வந்தது. அட்டை முழுக்கக் கோல்தான். வெளியீட்டு விழாவுக்கு முதல் நாள், அந்தக் கோலை மேடையில் வைக்க இரவல் கேட்டு அருங்காட்சியகத்துக்குப் போன் செய்தார். அங்கே பொருள்களைப் படம் பிடிப்பவர்தான் போனை எடுத்தார்.

“அந்தத் தெய்வக் கோல் பத்திரமா இருக்கா?”

“என் சட்டைப் பையில இருக்கு சார்.”

“சட்டைப் பையிலயா?”

“அளவுகோல் தானே சார். பொருள் எவ்வளவு பெருசுன்னு தெரியணும்ல, அதுக்காக நான்தான் பக்கத்துல வச்சுப் படம் எடுப்பேன். விழா முடிஞ்சதும் மறக்காம குடுத்துடுங்க, இன்னும் பானையெல்லாம் பாக்கி இருக்கு.”