நுனியில்லாத கத்தி

"கத்திக்கு நுனி இருக்கக் கூடாது," என்றான் இக்னேசியஸ்.

சண்முகநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுடைய கார் கராஜில் கிடக்கிறதென்று, சனிக்கிழமையும் அதுவுமாக மல்வேர்னில் இருந்து வெக்ஸ்போர்ட் வரை தன் காரில் ஏற்றி வந்தது நுனியில்லாத கத்தி வாங்கத்தானா?

2009, ஜூன் மாதம். ஊரில் சண்டை முடிந்து மூன்று கிழமை ஆகவில்லை. டொரோண்டோவில் எந்தத் தமிழ் வீட்டிலும் ஆட்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இந்த ஐயாவோ ஏரிக்குள் மூழ்கிச் சுழியோடப் போகிறாராம்.

சுழியோட்டச் சாமான் கடையில் நின்ற கிளடிஸ் மன்னார்க்காரி. முகம் சுளிக்காமல் ஒவ்வொரு கத்தியாக எடுத்துக் கொடுத்தாள். இக்னேசியஸ் இரண்டு கைக்கும் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரும் கேட்டு வாங்கினான். வீட்டிலிருந்து ஒரு காட்போட் மட்டை கொண்டுவந்திருந்தான். அதைச் சுற்றி நைலோன் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது.

முதலில் மடக்குக் கத்தி. கையுறையோடு அதை விரிக்கவே முடியவில்லை.

"ஏரிக்கு அடியில ஐஞ்சு டிகிரி. விரல் இருக்கோ இல்லையோ எண்டே தெரியாது, தங்கச்சி. இது சரிவராது."

அடுத்தது கத்தரிக்கோல். கையுறை விரல் வளையத்துக்குள் நுழையவில்லை. மூன்றாவது நீளக் கத்தி. அது கயிற்றை அறுத்தது, மட்டையிலும் நீளமாகக் கீறிவிட்டது.

"கயிறு அறவேணும். மட்டையில ஒரு கீறலும் விழக்கூடாது," என்றான் இக்னேசியஸ்.

"ஏன், மீனுக்கு நோகுமோ?" என்றார் சண்முகநாதன்.

கிளடிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இக்னேசியஸ் இன்னொரு துண்டுக் கயிற்றை மட்டையில் சுற்றினான்.

"சண்டையை நிப்பாட்டச் சொல்லி ரெண்டு மாசமா நாங்கள் ரோட்டில நிண்டு கத்தினம். நீ எத்தினை நாள் வந்தனி? ரெண்டு நாள். உதுக்கு மட்டும் நேரம் கிடைக்குது."

"வேலை மச்சான்."

"இண்டைக்கு வேலை இல்லையோ?"

இக்னேசியஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மட்டையோடு கையை வாளிக்குள் விட்டான். கலங்கின தண்ணீருக்குள் கண் தெரியாதாம், கைதான் கண்ணாம்.

அந்த மூடின கண்ணைப் பார்த்ததும், கோபத்துக்கு நடுவிலும் சண்முகநாதனுக்குத் திருகோணமலை ஜெட்டி ஞாபகம் வந்துவிட்டது. அப்போது இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வயது. கப்பலில் வருகிற வெள்ளைக்காரர் சில்லறையை அள்ளித் தண்ணீருக்குள் எறிவார்கள். பொடியன்கள் தலைகீழாகப் பாய்ந்து பொறுக்கி, கன்னம் வீங்க வாய்க்குள் அடக்கிக்கொண்டு மேலே வருவார்கள். கையுறை ஏது, காற்றுச் சிலிண்டர் ஏது? வெதுவெதுவென்று எவ்வளவு நல்ல தண்ணீர் அது. ஒருநாள் சண்முகநாதனின் கால் பழைய வலையொன்றில் மாட்டிக்கொண்டது. மற்றப் பொடியன்கள் எல்லாம் காசோடு கரையேறிவிட்டார்கள். இக்னேசியஸ் மட்டும் வாய்க்குள் இருந்த காசைத் துப்பிவிட்டுத் திரும்பவும் கீழே போய், வலையைப் பல்லால் கடித்து அறுத்தான்.

அப்படி இருந்தவன். கனடா வந்து மனம் மரத்துப்போய்விட்டான் என்று நினைக்கச் சண்முகநாதனுக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது.

கிளடிஸ் கடைசியாக ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். பெரிய வளையப் பிடி, கொக்கி மாதிரி வளைந்த தலை, அந்த வளைவுக்குள் ஒளிந்திருந்தது அலகு. இக்னேசியஸ் தண்ணீருக்குள் அதைக் கயிற்றில் கொளுவி இழுத்தான். கயிறு அறுந்தது. மட்டையில் ஒரு கோடு இல்லை. மறுபடி கயிறு சுற்றி, இடது கையால். மறுபடியும்.

அவன் சேட்டுப் பைக்குள் போன் அடித்தது.

"கை ஈரம், மச்சான். ஒருக்கா எடுத்து ஆரெண்டு பார்."

யோகமலர் அக்கா. இவர்களுடைய பில்டிங்கில்தான் நாலாம் மாடி. ஒரே மகன் அபிஷன் வன்னியில் அகப்பட்டு, முள்ளிவாய்க்காலோடு முடிந்துவிட்டான் என்று செய்தி வந்தது. இரண்டு கிழமைக்கு முன், பிளஃப்ஸ் ஏரிக்கரையில், அவனுடைய படத்துக்கு மாலை போட்டுக் கல்லும் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார்கள். முன்னுக்கு நின்று நடத்தியது சண்முகநாதன்தான்.

பாவம், அழத்தான் எடுத்திருப்பா. ஆறுதல் சொல்லும் குரலைத் தயார்படுத்திக்கொண்டு போனைக் காதில் வைத்தார். ஹலோ சொல்ல அக்கா விடவில்லை.

"இக்னேசியஸ், வெட்டுற சாமான் அம்பிட்டதே? அபிஷன் இண்டைக்கும் அகதிக் காம்பில இருந்து ஆரோ ஒராளின்ர போனில கதைச்சவன், ராசா. சாப்பிட்டீங்களோ அம்மா எண்டு என்னைக் கேக்கிறான். உயிரோட இருக்கிற பிள்ளைக்கு மாலை போட்டுத் தாட்டுப்போட்டு நான் என்னெண்டு படுக்கிறது? பிளாஸ்ரிக் பூ, அது உக்கியும் போகாது. மாலையோட அவன்ர முகத்தை நான் பாக்கக் கூடாது. அடியிலயே மாலையை வெட்டி விட்டிட்டு, கீறல் படாமல் படத்தை மட்டும் கொண்டு வா."

சண்முகநாதன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார். எதிரில் இக்னேசியஸ் கண்ணை மூடியபடி, வாளிக்குள் இன்னொரு கயிற்றைத் தடவித் தேடிக்கொண்டிருந்தான்.

"இன்னொண்டு, ராசா. படம் வீட்டை வருமட்டும் சண்முகத்துக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை. அவன் என்ன ஏசினாலும் பொறுத்துக்கொள். அந்த மாலையைப் போட்ட கை அவன்ர கையெல்லே, தெரிஞ்சால் தாங்கமாட்டான்."