கேரட் மேசை

"இது என்ன?" என்று படத்தைத் தூக்கிக் காட்டினார் ஹில்க்கா.

"கேரட்" என்றார் கலெர்வோ.

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

பின்லாந்திலேயே பிறந்து, அங்கேயே ஒரு காகித ஆலையில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். பின்னிஷ் மொழியில் கேரட் என்று சொன்னதற்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டு, காது சிவக்க உட்கார்ந்திருந்தார்.

தாம்பெரே நகர நூலகத்தில் வியாழக்கிழமைதோறும் இந்த மேசையைப் போடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் உட்கார்ந்து பேசிப் பேசியே மொழியைப் பழகலாம். ஹில்க்கா மாதிரி ஊர்க்காரர்கள் சும்மா வந்து சொல்லிக்கொடுப்பார்கள். காசு கிடையாது. காபியும் ஏலக்காய் பன்னும்கூட இலவசம்தான்.

கலெர்வோ முதல்முறை வந்தது டிரில்லிங் மெஷினுக்காக. நூலகத்தில் புத்தகத்தோடு அதையும் இரவல் தருவார்கள். முன்னால் எடுத்துப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை, கொஞ்சம் உட்காருங்கள் என்றார்கள். காலியாக இருந்தது இந்த மேசையில் ஒரே ஒரு நாற்காலிதான்.

உட்கார்ந்ததும் ஹில்க்கா கேரட் படத்தை நீட்டிவிட்டார்.

முன்பின் தெரியாத ஒருவர் தன்னிடம் பேசிவிட்ட அதிர்ச்சியில் கலெர்வோவுக்கு வாய் அடைத்துப்போயிற்று. பாவம், ஒரு வார்த்தைகூடத் தெரியாது போலிருக்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். பக்கத்தில் இருந்த சூடான்காரன் இத்ரீஸ் இரக்கப்பட்டு, "கே... ரட்" என்று காதில் கிசுகிசுத்தான்.

நான் இந்த ஊர்க்காரன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் கேட்டவருக்குச் சங்கடமாகிவிடுமே. அதனால் "கேரட்" என்றார்.

அடுத்த வாரம் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அதற்கடுத்த வாரம் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. ஆனாலும் வந்தார்.

வாரம் முழுக்க அவரோடு பேச ஆள் கிடையாது. குடியிருப்பில் கேட்கவே வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே கிளம்பினால் சாவிக்கொத்தில் ஒரு சின்ன மணி கிணுகிணுக்கும். கலெர்வோ கோட்டும் தொப்பியுமாகக் கதவுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நிற்பார். சத்தம் படியிறங்கிப் போன பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்பார். படியில் எதிரெதிரே மாட்டிக்கொண்டு வணக்கம் சொல்லித் தொலைக்கும் இக்கட்டு எதற்கு? அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். கதவு ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பதும் மரியாதை இல்லை. ஆக, அந்த அம்மாளை அவருக்கு மணியாக மட்டும்தான் தெரியும்.

இங்கேயோ, சாப்பிட்டீர்களா, குளிருகிறதா, நேற்று என்ன செய்தீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வியாழக்கிழமை என்றால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சட்டைக்கு இஸ்திரியெல்லாம் போட ஆரம்பித்திருந்தார்.

இன்று நனைந்த குடையோடு ஒரு பெண் வந்து நின்றாள். எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது.

"நான்... பேச... வேணும்" என்றாள். இடமில்லை என்று தெரிந்ததும் சிரித்துவிட்டுப் பின்வாங்கினாள்.

கலெர்வோவுக்கு உட்கார்ந்திருந்த இடம் சுட்டது. எழுந்தால் வியாழக்கிழமை போய்விடும். மறுபடியும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மணிச்சத்தம் கேட்க வேண்டியதுதான். எழாவிட்டால், அவள் போய்விடுவாள்.

எழுந்துவிட்டார்.

"மன்னிச்சுக்கணும். இந்த நாற்காலி இவங்களுக்கு வரவேண்டியது. நான் இங்கயே பொறந்து வளர்ந்தவன். சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன், வாயே வரலை."

இத்ரீஸின் கையில் பன் பாதியில் நின்றது.

"அடேயப்பா! போன வாரம் வரைக்கும் கேரட்டைத் தாண்டலையே அண்ணே! டீச்சர், இவருக்கு மட்டும் தனியா என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

புதிதாக வந்த பெண் இப்படியொரு டீச்சரை விடக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, சட்டென்று வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

கலெர்வோ கோட்டை எடுத்தார்.

"இருங்க. கடைசியா ஒண்ணே ஒண்ணு" என்றார் ஹில்க்கா. படங்களைத் தொடவில்லை. கைப்பையைத் துழாவி எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார். அது கிணுகிணுத்தது.

"இது என்ன?"

முதல் நாளைப் போலவே கலெர்வோவுக்கு வாய் அடைத்துப்போயிற்று.

"ம... ணி" என்று கிசுகிசுத்தான் இத்ரீஸ்.

"நீங்க குப்பை கொட்டப் போறதை ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? மொத நாளே தெரியும்" என்றார் ஹில்க்கா. "இந்த மணியை எதுக்குக் கட்டினேன்னு நினைச்சீங்க? நான் வெளிய வர்றது தெரியாம நீங்க பாட்டுக்குக் கதவைத் திறந்துட்டா என்ன ஆகிறது? பேசித் தொலைக்கணுமே! நீங்க ஒளிஞ்சு நிக்கறதுக்கு நேரம் வேணாமா?"

சொல்லிக்கொண்டே மணியைச் சாவி வளையத்திலிருந்து கழற்றினார். கேரட் படத்தின்மேல் வைத்தார்.

"இனிமே சத்தமில்லாமத்தான் வருவேன். நல்லா மாட்டிக்குவீங்க."

கலெர்வோ வாயைத் திறந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பேசிய பின்னிஷ் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"நாளைக்கு... காபி... என் வீடு" என்றுதான் வந்தது.

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.