சாவு வீட்டுச் சோறு

பள்ளிக்கூடம் திறக்க வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பாஸ்டர் ஹெல்விக் தங்கிய வீட்டு வாசலில் பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். எனிஃபாவுக்கு மட்டும் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"யாரும்மா இறந்தது?" பாஸ்டர் பதறி ஓடிவந்தார்.

"தியமிக்கேயோட அம்மா. சாவுச் சேதி சொன்னவங்கதான் வந்த சனத்துக்குச் சோளக்களி போடணும். எங்க ஊரு வழக்கம்," என்றாள் எனிஃபா.

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?"

எனிஃபா மடியிலிருந்து, அவர் நன்கொடைக்காக இரண்டு மாதம் முன்பு அச்சடித்த புத்தகத்தை எடுத்து விரித்தாள். சிறுமியின் படத்துக்குக் கீழே 'தியமிக்கே, வயது எட்டு. தாயை இழந்தவள்' என்றிருந்தது.

"அது... பள்ளிக்கூடத்துக்குக் கூரை வரணுமேன்னு..."

"கூரை வந்திருச்சுல்ல? நான் செத்து ரெண்டு மாசமாச்சு, பாஸ்டரே. அழ வந்தவங்க பசியோட இருக்காங்க. திறப்பு விழாவுக்குக் கட்டியிருக்கிற ஆட்டை அறுங்க."